மேட்டில் நிறுத்தி எடுப்பது

தேர்வில் தோற்றவர்களை நான் உடனே வீட்டுக்கு அனுப்புவதில்லை. முதலில் ஒரு டீ. தேர்வு மைதானத்துக்கு எதிரே இருக்கும் கடையில் மூன்று பெஞ்சுகள் உண்டு. சுவரோரமாக இருப்பதில் உட்கார வைத்தால் அழுவது ரோட்டுக்குத் தெரியாது. கடைக்காரர் என்னை எல்போர்டு அக்கா என்றுதான் கூப்பிடுவார். தூரத்தில் வரும்போதே என் கூட வருகிறவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஃபெயில் என்றால் சர்க்கரையைத் தூக்கலாகப் போட்டுவிடுவார். நான் வாய் திறக்க வேண்டியதில்லை.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் கேட்டது போன் பேச்சைப் பற்றி. அன்றைக்கு மூன்று பத்துக்கு நர்ஸின் போனிலிருந்து எனக்கு வந்த அழைப்பு, இரண்டு நிமிடம். அதற்கு வருகிறேன். அதை மட்டும் தனியாகச் சொன்னால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

இருபத்தாறு வருஷமாகப் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரே கார்தான். என் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. நீங்கள் ஆள் அனுப்பிப் பார்த்தீர்கள், இரண்டும் சரியாக வேலை செய்கின்றன என்று எழுதிக்கொண்டு போனார். சரியாகத்தான் வேலை செய்கின்றன. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நர்ஸ் என்னிடம் வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். முப்பத்திநாலு வயது. கணவர் அச்சகத்தில் வேலை, ஒரு மகள், இரண்டாம் வகுப்பு. சுகாதார நிலையத்தில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை காலியாகப் போகிறது, ஆனால் அதற்கு லைசென்ஸ் வேண்டும். இல்லாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடுவார்கள். போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. முதல் நாளே சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"பொண்ணு தூங்கறப்ப கெளம்பி தூங்கறப்ப வரணும் அக்கா. எப்படியாவது எனக்கு ஓட்ட வந்துடணும்."

"வந்துடும். கார் என்ன, ஊசி போடறதை விடவா கஷ்டம்?"

"ஊசி போட்டா நோயாளி கத்துவாங்க. இதுல நான்ல கத்தப்போறேன்."

அப்படிப் பேசுகிறவள். திரும்பும் முன் இன்டிகேட்டர் போடுவதற்குள் மூன்று கதை சொல்லிவிடுவாள். தலைமை நர்ஸ் குறட்டை விடுவது, தன் மாத்திரையைப் பூனைக்குக் கொடுத்த தாத்தா, எல்லாம். செவ்வாயும் வெள்ளியும் அவளுக்கு வகுப்பு. என் வீட்டில் நான் ஒருத்திதான். திங்கட்கிழமை சாயங்காலம் யாரும் சொல்லாமலே காரைக் கழுவிவைக்க ஆரம்பித்தேன்.

அவளுக்கு வராத ஒன்று, மேட்டில் நிறுத்தி எடுப்பது. ஏறிக்கொண்டிருக்கும்போது காரை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, மறுபடி எடுக்க வேண்டும். கிளட்ச்சை மெல்ல விட்டுக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் இறங்கும், காரின் மூக்கு லேசாகத் தூக்கும். அப்போதுதான் ஹேண்ட்பிரேக்கை எடுக்கலாம். அவள் முன்னாலேயே எடுத்துவிடுவாள். கார் பின்னால் சரியும். மூன்றாவது வகுப்பில் அப்படிச் சரிந்தபோது ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு அழுதாள். "எனக்கு வராது அக்கா. நான் மண்டு."

அடுத்த முறையும் முன்னாலேயே எடுத்தாள். நான் என் பக்கத்துப் பிரேக்கில் காலை வைத்தேன். கார் நின்றது. அவள் கிளட்ச்சை மெல்ல விட்டாள், சத்தம் இறங்கியது, நான் காலை எடுத்தேன். கார் ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாமல் ஏறிவிட்டது. அவள் திரும்பிப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"அக்கா, ஏறிடுச்சு அக்கா."

"பார்த்தியா."

அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, ஏற்றியது என் கால் என்று யாரால் சொல்ல முடியும்? அன்றைக்கு அது இரக்கம்தான். அப்படித்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

அடுத்த வகுப்பிலும் வைத்தேன். அதற்கடுத்ததிலும். மடியில் கைப்பை, அதன் மேல் வகுப்பு நோட்டு. கீழே கால் என்ன செய்கிறது என்று ஓட்டுகிறவளுக்குத் தெரியாது, அவள் ரோட்டைத்தானே பார்க்க வேண்டும். ஒரு மாதத்தில் அவள் கை தப்பான நேரத்தையே சரியான நேரம் என்று பழகிக்கொண்டது. அந்த இடத்தில் கார் பின்னால் நகரும் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. மற்றதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சந்தில் திருப்புவதும் ரிவர்ஸ் எடுப்பதும் அவ்வளவு சுத்தம்.

தேர்வில் அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்தால் கால் இரண்டையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, அட்டையை மடியில் வைத்துக்கொள்வார். மேட்டில் அவள் ஹேண்ட்பிரேக்கை எடுத்தாள். கார் ஒரு முழம் பின்னால் போயிற்று. ஃபெயில்.

டீக்கடையில் அவளுக்கு அழக்கூடத் தோன்றவில்லை. ஆச்சரியம்தான். "உங்ககூட ஓட்டறப்ப ஒரு தடவைகூட போகலையே அக்கா. அங்க மட்டும் ஏன்?"

"பயம்மா. வேற என்ன."

அன்று ராத்திரியே போன் செய்தாள். ஒரு மணி நேரம் பேசினோம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பாஸாகிறவர்கள் போன் செய்வதில்லை. இனிப்பு டப்பா ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போவார்கள், அப்புறம் ரோட்டில் என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு ஹாரன். அவ்வளவுதான் நமக்கும் அவர்களுக்கும். நான் குறை சொல்லவில்லை, அதற்குத்தானே சொல்லிக்கொடுக்கிறேன்.

நர்ஸ் ஏழு முறை தேர்வுக்குப் போய் ஏழு முறையும் தோற்றாள். அவள் செய்யாத வைத்தியம் இல்லை. மூச்சை எண்ணி எண்ணி விட்டாள். படபடப்புக்கு மாத்திரை போட்டாள். செருப்பை மாற்றினாள். தேதியை யாரிடமும் சொல்லாமல் போய்ப் பார்த்தாள், எல்லாரிடமும் சொல்லிவிட்டும் போய்ப் பார்த்தாள். ஐந்தாவது முறைக்குப் பிறகு, "வீட்டுல என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"பேசாம அந்த மேட்டை நாமளே வாடகைக்கு எடுத்துக்கலாமான்னு கேக்கறாரு."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "பொண்ணு எதுவும் கேக்கறதில்ல அக்கா. நான் உள்ள வந்ததும் முகத்தைப் பார்க்குது. அப்புறம், 'இன்னைக்கும் பின்னாடி போயிட்டியாம்மா'ன்னு மெதுவா சொல்லிட்டு அது பாட்டுக்கு வீட்டுப்பாடம் எழுதப் போயிடுது."

அதிகாரி நல்ல மனிதர். ஆறாவது முறை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீங்க பக்கத்துல இருக்கறப்ப எப்படிம்மா ஓட்றாங்க?"

"ஒரு குறை சொல்ல முடியாது சார்."

"அப்ப மனசுலதான் கோளாறு. நான் என்ன பண்ண முடியும், வண்டி பின்னாடி வருதே."

ஒரே ஒருத்தர்தான் கண்டுபிடிக்கப் பார்த்தார். மேட்டில் எங்கள் பின்னால் நின்ற பஸ் டிரைவர். சிக்னலில் பக்கத்தில் வந்து ஜன்னலை இறக்கி, "அம்மா, வண்டியை எடுக்கறப்ப உங்க பிரேக் லைட்டு எரிஞ்சுகிட்டே இருக்கு. எதையோ மிதிச்சுகிட்டே ஓட்றீங்க போல," என்றார்.

நர்ஸ் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். "நான் மிதிக்கலையே. ஸ்விட்ச்சு கோளாறா அக்கா?"

"மெக்கானிக்கிட்ட காட்டறேன்," என்றேன்.

ஒரு வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனசாட்சி இல்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வாரம் மேட்டுப் பக்கமே போகாமல் பார்க்கிங் மட்டும் சொல்லிக்கொடுத்தேன்.

அவளுக்கு முன்னாலும் உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். தையற்காரி ஒருத்தி, ஒன்பது முறை. கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்த ஒருத்தி, ஐந்து முறை, பிறகு ஊரை விட்டுப் போய்விட்டாள். அவர்களுக்குக் கிளட்ச்சில். எல்லாரையும் அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் இல்லை. போன வருஷம் இருபத்திமூன்று வயதுப் பெண் ஒருத்தி வந்தாள், அவளும் நர்ஸ்தான், அதே சுகாதார நிலையம். 'சரி', 'இல்லை' தவிர வாயே திறக்க மாட்டாள். முதல் முறையே பாஸ்.

அந்த வேலை அவளுக்குத்தான் போயிற்று. தலைமை நர்ஸ் இரண்டு முறை தவணை கொடுத்துப் பார்த்துவிட்டுக் கைவிரித்துவிட்டார். "மாசக் கடைசிவரைக்கும் நீ பஸ்ல போய்ப் பாரு. ஒண்ணாம் தேதியிலேர்ந்து அந்தப் பொண்ணு. நீ பெரிய ஆஸ்பத்திரி." நர்ஸ் இதை என்னிடம் சொன்னது காருக்குள்ளேதான், எஞ்சினைப் போடாமல்.

"போதும் அக்கா. இனிமே வகுப்புக்கு வரல. நேரமும் இருக்காது. பொண்ணை எங்க அம்மா வீட்டுல விடப்போறேன், ஞாயித்துக்கிழமை போய்ப் பார்த்துக்கலாம்."

"இன்னும் ஒரு தடவை போய்ப் பாரேன்."

"எதுக்கு? எனக்கு ஓட்டத் தெரியும். தேர்வுதான் வராது. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

அவள் சாவியை என் கையில் வைத்தாள். அன்றைக்கு நான் காரை எடுக்காமல் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அவளை என்கூடவே வைத்துக்கொள்ள நான் செய்தது எதுவோ அதுதான் அவளை அனுப்பிவைக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. ரொம்பத் தாமதம்.

அந்த மாதம் இருபத்தாறாம் தேதி, மூன்று பத்து. கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, மேட்டுத்தெருவுல நோயாளி வீட்டுல இருக்கேன். இவருக்கு மூச்சு முட்டுது. ஆம்புலன்ஸ் வர நாப்பது நிமிஷமாகும்ங்கறாங்க. இவங்க மகன் கார் முற்றத்துல நிக்குது, சாவி இருக்கு. மகன் ஊர்ல இல்ல. இவரும் இவர் சம்சாரமும்தான். அந்தம்மாவுக்கு ஓட்டத் தெரியாது."

"அக்கம்பக்கத்துல யாரும் இல்லையா?"

"ரெண்டு வீட்டைத் தட்டிட்டேன். பூட்டிக் கிடக்கு."

"முற்றம் ரோட்டைவிடத் தாழ்வா?"

"ஆமா அக்கா. மேட்டுல ஏத்தித்தான் எடுக்கணும்." பின்னால் யாரோ இழுத்து இழுத்து மூச்சு விடுவது எனக்கே கேட்டது. "லைசென்ஸ் இல்லாம எடுத்தா இருக்கற வேலையும் போயிடும். போகட்டும். நான் ஓட்டிடுவேனா? உண்மையைச் சொல்லுங்க."

நான் சொல்ல வேண்டியது ஒரே வரிதான். மேட்டில் நீ எடுத்ததே இல்லை, அது என் கால். சொன்னால் அவள் காரைத் தொட்டிருக்க மாட்டாள். ஆனால் சொல்லிவிட்டால் அவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்பதையும் யோசிக்க வேண்டியிருந்தது. துணியை மடித்துவைத்தேன். அந்தக் காரின் பின்னால் யாராவது நிற்பார்கள் என்பதும் தோன்றத்தான் செய்தது. முற்றம் என்றால் கேட் இருக்கும், கார் வெளியே போனதும் கேட்டைச் சாத்த ஒருத்தர் பின்னாலேயே வருவார்.

"உனக்குத் தெரியும்மா," என்றேன். "உன்கிட்ட இருக்கற ஒரே குறை பயம்தான். பயப்படாம எடு."

"சரி அக்கா."

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் என்னைவிட விவரமாக எழுதி வைத்திருக்கிறீர்கள். ஹேண்ட்பிரேக்கை அவள் எப்போதும் எடுக்கும் நேரத்தில்தான் எடுத்திருக்கிறாள். கேட்டைத் திறந்துவிட்டு, கார் ஏறியதும் பின்னாலேயே போய்ச் சாத்துவதற்காக அந்தம்மா காருக்குப் பின்னால் வந்து நின்றிருக்கிறார். அவருக்குப் பின்னால் வீட்டுச் சுவர். பெரிய வேகம் ஒன்றும் இல்லை, ஆறேழு அடி தூரம்தான். ஆம்புலன்ஸ் இருபது நிமிடத்திலேயே வந்துவிட்டது. மூச்சு முட்டியவர் பிழைத்துக்கொண்டார். மனைவி எங்கே என்று கேட்கிறாராம், இன்னும் யாரும் சொல்லவில்லை.

போன வாரம் நர்ஸைப் பார்க்கப் போயிருந்தேன். ஜாமீனில் வந்ததிலிருந்து சமையலறைத் தரையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவள் கணவர் கதவைத் திறந்துவிட்டு, "நீங்களாவது பேசிப் பாருங்க அக்கா. நாங்க சொன்னா காதுல ஏறல," என்று சொல்லி மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீங்க பக்கத்துல இருந்திருந்தா அக்கா, இது நடந்திருக்காது இல்ல?"

"நடந்திருக்காது."

"நீங்க எவ்வளவு பொறுமையா சொல்லிக் குடுத்தீங்க. நான்தான் பயந்துட்டேன்."

அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

இதுதான் சார். நான் சொன்னபடியே எழுதியிருக்கிறீர்கள், கையெழுத்துப் போடுகிறேன். தெரிந்தேதான் செய்தேன், போனில் சொன்னதும் தெரிந்தேதான். எனக்கு எத்தனை வருஷம் என்பதெல்லாம் நீங்கள் பார்த்துச் செய்யுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், இதை நர்ஸிடம் படித்துக்காட்ட வேண்டாம். தன்னையே குறை சொல்லிக்கொள்வது அவளுக்குப் பழகிப்போன விஷயம். என்னைக் குறை சொல்ல வேண்டி வந்தால் பாவம், அவள் தாங்க மாட்டாள்.