ஒரு பெட்டிக் காய், ரெண்டு வீடு

— யோவ் ரோலண்ட், கத்தியைக் கீழே வை! பரங்கிக்காயை இப்படியா வெட்டுவே? உன் பக்கம் பெருசாப் போகுது பாரு.

— நான் என்ன சொல்றேன்னா கொலீன், பதினோரு வருஷம் ஒரே வீட்டுல குப்பை கொட்டினோம். அப்போகூட நீ இப்படி அளந்து பார்த்ததில்லை.

— அப்போ எல்லாத்தையும் நீயே தின்னு தீர்த்தே, அளக்க என்ன மிச்சம் இருந்துச்சு? இந்தா, நூக்கலையும் நீயே எடுத்துக்கோ.

— ஐயோ தாயே, வேண்டாம்! போன வாரத்து நூக்கலே என் ஃபிரிட்ஜ்ல குடித்தனம் நடத்துது. மாத்துப் பெட்டியில போட்டுட்டு வேற ஏதாவது எடுத்துக்கலாம்.

— போய் எட்டிப் பாரு. ஊரே அதுல நூக்கலைத்தான் கொட்டியிருக்கு.

— பாவம் பெர்னிஸ். இவ்வளவு பெரிய பண்ணையைக் கட்டி மேய்க்கிறவ மனசு என்ன பாடுபடும்?

— அவளா? ஜூலையில ஆலங்கட்டி மழை தக்காளியை எல்லாம் அடிச்சு நொறுக்கினப்பவே சிரிச்சுக்கிட்டு நின்னாளே! ‘முன்பணம் கட்டி விளைச்சல்ல பங்கு வாங்கினா லாபமும் நஷ்டமும் எல்லாருக்கும்தான்’னு சொல்லி, நமக்கு ஒரே ஒரு தக்காளியை நீட்டினா.

— அதை ரெண்டா அறுத்து, உப்புப் போட்டு, இந்தக் கொட்டகையிலேயே நின்னு தின்னோம். நல்லா இருந்துச்சுல்ல?

— சரிதான் போ. தக்காளி நல்லா இருந்துச்சு.

— பனி கொட்டுறப்போ, வாரம் ஒரு பெட்டி காய்னு முழு சீசனுக்கும் பங்கு வாங்கினோம். பனி உருகுறதுக்குள்ள விவாகரத்து. வக்கீல் வீட்டைப் பிரிச்சார், காரைப் பிரிச்சார், நாயை உனக்குக் குடுத்தார். இந்தப் பெட்டியை மட்டும் மறந்துட்டார்.

— வக்கீலுக்கு முள்ளங்கியைப் பத்தி என்ன தெரியும்?

— இன்னியோட சீசன் முடியுது, கொலீன். அடுத்த வியாழக்கிழமை பெட்டி கிடையாது.

— தெரியும். என் வீட்டுலயும் காலண்டர் தொங்குது.

— நான் என்ன சொல்றேன்னா... வாரா வாரம் நான் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு வர்றது நூக்கலுக்காக இல்லை.

— அது எனக்கும் தெரியும். பீட்ரூட்டை எடு.

— வாசல் பலகையில அரைப் பங்கும் உண்டுன்னு எழுதியிருக்காங்க. அடுத்த வருஷம் ஆளுக்கு அரைப் பங்கு வாங்கிக்கிட்டா, நீ என் மூஞ்சியைப் பார்க்க வேண்டியதில்லை. எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா உனக்கு அதுதான் வேணும்னா இப்பவே சொல்லிடு.

— அந்தப் பலகையை இன்னிக்குத்தான் பார்த்தியா?

— ஆமா. ஏன்?

— முதல் வாரத்துலேருந்து அங்கேதான்யா இருக்கு! கண்ணாடி போட்டுக்கிட்டு வந்தாத்தானே கண்ணு தெரியும்?

— அப்போ நம்ம பங்கை அன்னிக்கே ரெண்டாக்கியிருக்கலாமே! பெர்னிஸ் ஏன் ஒரு வார்த்தை கேட்கலை?

— கேட்டா. ‘இதையாவது பிரிக்காம விட்டுடு’ன்னு நான்தான் அவ கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன்.