இடது பக்கத் தழும்பு

— இறுக்கி மட்டும் குடுங்க ரஃபீக் பாய். யார் தட்டுனா, எதால தட்டுனான்னு கேள்வி எதுக்கு?

— கேட்டாத்தானே வேலை பாக்க முடியும், ஸ்தனிஸ்லாஸ் சார். இங்க பாருங்க. குழல் மேல இந்தக் காடி இருக்குல்ல, குறி பாக்குற பின் சைட் அதுக்குள்ள அசையாம உக்காரணும். இது விரல் பட்டாலே நகருது. இடது பக்கம் பூரா சுத்தியல் தழும்பு வேற.

— பழைய ஏர் ரைபிள்தானே பாய்.

— பழசானா தேயும் சார். தழும்பு விழாது.

— சரி, நான்தான் தட்டுனேன். போதுமா?

— எப்ப?

— ரெண்டு வருஷம் முன்னாடி. எம் பொண்ணு சுஜாவோட மாநிலப் போட்டிக்கு முதல் நாள். பிராக்டிஸ்ல குண்டு எல்லாம் இடது பக்கமாவே விழுந்துட்டு இருந்துச்சு. சைட்டைக் கொஞ்சம் வலது பக்கம் தள்ளுனா சரியாயிடும்னு ஒரு வீடியோவுல பாத்தேன். அவ சர்ச்சுல பூசைக்குப் போயிருந்தா. ஆணி அடிக்கிற சுத்தியல எடுத்து நாலே தட்டு, கேட்டீங்களா, நாலே தட்டு.

— பித்தளைக் கம்பி வெச்சு மெதுவாத் தட்டணும் சார். இரும்பால அடிச்சா காடியோட விளிம்பு விரிஞ்சிடும். அப்புறம் ஒவ்வொரு தடவை சுடுறப்பவும் சைட் இடம் மாறும்.

— அது எனக்குப் போன வாரம்தான் தெரியும். பரண்ல சும்மா கிடக்குதேன்னு அவளுக்குத் தெரியாம விக்கப் பாத்தேன். உறையூர்லேருந்து வந்த ஆளு கையில எடுத்ததுமே, ‘சைட் ஆடுதே’ன்னாரு. அப்பத்தான் அந்த நாலு தட்டு ஞாபகம் வந்துச்சு பாய்.

— பாப்பா அன்னிக்கி எப்படிச் சுட்டுச்சு?

— குண்டு ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க. கடைசிக்கு முந்தின இடம். திரும்பி வர்றப்ப பஸ் ஸ்டாண்டுல அத்தனை பேர் முன்னாடி, ‘கை நடுங்குறவளுக்கு எதுக்குடி துப்பாக்கி’ன்னு கேட்டேன். அதோட சரி, அவ ரைபிளைத் தொடவே இல்ல. இப்ப தில்லை நகர்ல ஒரு கிளினிக்ல டோக்கன் குடுத்துட்டு உக்காந்திருக்கா. ஆறு வருஷ உழைப்பு. நான்தான் பாழாக்குனேன்.

— பாப்பாகிட்ட சொல்லிடுங்க சார்.

— எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு சொல்றது? நீங்க ஒரு உதவி பண்ணுங்க. சைட்டை இறுக்கிட்டு, அந்தத் தழும்பையும் அரம் போட்டு ராவிடுங்க. மறுபடி போய்ச் சுடும்மான்னு கெஞ்சிப் பாக்குறேன். என்னிக்காவது அவ வந்து உங்களக் கேட்டா, தானாத் தளர்ந்துச்சுன்னு சொல்லிடுங்க.

— அது என்னால முடியாது.

— ஏன் பாய்? ஒரு வார்த்தைதானே.

— போட்டி முடிஞ்ச மறுநாளே பாப்பா இதை இங்க எடுத்துட்டு வந்துச்சு சார். உங்க வாயால வரட்டும்னுதான் தெரியாத மாதிரி கேட்டேன். அந்தத் தழும்பையே தடவித் தடவிப் பாத்துச்சு. இறுக்கித் தரட்டுமான்னு கேட்டேன். ‘வேணாம் அங்கிள். இதை இறுக்கி நான் நல்லா சுட ஆரம்பிச்சா அப்பாவுக்கு விளங்கிடும், அவரு தாங்க மாட்டாரு. என் கை நடுங்குச்சுன்னே இருந்துட்டுப் போகட்டும்’னு சொல்லிட்டுப் போயிடுச்சு.