ஆறு பேருக்கு எட்டுக் கூறு

பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பின்னேர பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இரண்டு இளம் ரீச்சர்மார். யன்னலோரம் இருந்தவரின் மடியில் பிள்ளைகள் கணக்கு எழுதிய ஒரு கட்டுக் கொப்பி.

“வலைக்கும் பங்கு குடுப்பினமெண்டு எனக்குத் தெரியுமேயடி?” என்றார் அவர். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“என்னடி கதைக்கிறாய்?”

“ஆறு பேர் பிடிச்ச மீனைச் சமனாய்ப் பிரிச்சால் ஒராளுக்கு எத்தினையிலை ஒண்டெண்டு வகுப்பிலை கேட்டன். ஒரு சின்னப் பெட்டை எட்டிலை ஒண்டெண்டு எழுதினாள். ஏனெண்டு கேக்காமல் பிழை போட்டிட்டன்.”

“பிழைதானே?”

“இப்ப கடற்கரையாலை வரேக்கை பாத்தன். ஆறு பேர் நிக்கினம், மணலிலை எட்டுக் கூறு கிடக்கு. வள்ளத்துக்கு ஒண்டாம், வலைக்கு ஒண்டாம்!”

மற்றவர் சிரித்த சிரிப்பில் கொண்டக்டர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

“ஆளுக்கொரு பங்கெண்டு பிரிக்க, உங்கடை தோட்டத்து வெங்காயமெண்டு நினைச்சியாக்கும்! சரி, நாளைக்குப் போய்ச் சரி போடன்.”

“ஆறிலை ஒண்டெண்டு நூறு தரம் எழுதிக்கொண்டு வரச் சொல்லிப்போட்டனடி. இப்ப அழுதழுது எழுதிக்கொண்டிருப்பாள்.”

நெல்லியடியில் பஸ் நின்றது. கொப்பிக் கட்டைத் தோழியின் மடியில் போட்டுவிட்டு அவர் எழும்பினார்.

“எங்கையடி இறங்கிறாய்? இனி யாழ்ப்பாணத்துக்கு ஒரு பஸ்தான் இருக்கு!”

“அதிலை வாறன். பருத்தித்துறைக்குத் திரும்பிப் போய், ‘நீ எழுதினதுதான் சரி’யெண்டு அவளிட்டைச் சொல்லிப்போட்டு வாறன்.”