ஓக் மரத்தில் நின்ற சேனை

அட்டையிலே கோட்டை கட்டி அவையிலே ஆட்சி நடத்தும் தலைவர் மார்ஜரி ஹெப்டன் அம்மையார் அவர்களே! மூட்டுவலியையும் முகமலர்ச்சியையும் சேர்த்தே சுமந்து வந்திருக்கும் மூத்த தளபதிகளே! பட்டாணி மசியல் பரிமாறி எங்கள் படைகளைப் பசியாற்றிய தாய்மார்களே! பகடையின்மேல் பழிபோட்டே தோற்கும் பங்காளிகளே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

மேசைமேல் சிப்பாய்ப் பொம்மைகளை நிறுத்திப் பகடை உருட்டிப் போராடும் நம் ஹடர்ஸ்ஃபீல்டு பொம்மைப் போர்க் கழகத்தின் ஆண்டு விருந்தில் வெற்றியைப் பாட வேண்டியவன் நான். ஆனால் ஒரு தோல்வியைத்தான் பேசப் போகிறேன். அதோ, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் வில்ஃப்ரிட் அக்ராய்டு சம்மதித்துத்தான் பேசுகிறேன்.

அவர் சேனையை மறக்க முடியுமா? விரல் உயர ஈயச் சிப்பாய், அவன் சட்டையிலே பொத்தான், பொத்தானிலே பளபளப்பு! நாமெல்லாம் அட்டையை வெட்டி, பசை தடவி, மணல் தூவி, அதன்மேல் சிப்பாயை நிறுத்துவோம். அவரோ இடித்த தேவாலயத்தின் ஓக் பலகையை இழைத்து இழைத்து அடிப்பலகை செய்தார். அதில் புல் வைத்தார், புழுதி வைத்தார், பூக்கூட வைத்தார். ஓக் அலமாரியில் அடுக்கிக் கண்ணாடிக் கதவைப் பூட்டினார்.

பூட்டினாரே, ஆடினாரா? அதுதான் இல்லை!

ஆண்டுதோறும் எதிர்ப்படையோடு வந்து நின்றவர் அவருடைய உயிர்த்தோழர் கத்பர்ட் நெய்லர்.

"டேய் வில்ஃப், ஒரே ஒரு ஆட்டம்டா!"

"குதிரைப்படைக்கு வண்ணம் பாக்கியிருக்கு. முடியட்டும்."

"போன வருஷம் பீரங்கின்னே. உன் படைக்கு இன்னும் பல்லு முளைக்கலையா?"

"உன் கை வெண்ணெய்க் கைடா, தொட்டதெல்லாம் நழுவி விழும். முடியட்டும்னா முடியட்டும்."

சிரியுங்கள், சிரியுங்கள். அன்று நானும் சிரித்தேன்.

இப்படியே இருவருக்கும் தலை நரைத்தது. இந்தக் கோடையில் கத்பர்ட், மகளோடு வாழ்வதற்காக நியூசிலாந்துக்கே போவதென்று முடிவானது. போவதற்கு முந்தைய சனிக்கிழமை வில்ஃப்ரிட் மனமிரங்கி, வீட்டுக்கு அழைத்தார். நடுவராக நானும் போயிருந்தேன்.

அலமாரி திறந்தது. முதல் பலகையை எடுத்தார், சிப்பாய்கள் சரிந்தார்கள். கணுக்காலெல்லாம் உதிர்ந்து வெண்பொடி! அடுத்த பலகை, அதுவும் பொடி! ஓக் மரத்திலிருந்து கசியும் அமில ஆவி, பூட்டிய கதவுக்குள்ளே ஈயத்தை அரித்திருந்தது. மேலே வண்ணம் மூடியிருந்ததால் வெளியே தெரியவே இல்லை. எதை உயர்ந்ததென்று தேடித் தேடிக் கொடுத்தாரோ, அதுவே தின்றுவிட்டதே ஐயா!

வில்ஃப்ரிட் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். கத்பர்டோ வெறும் அடிப்பலகைகளை மேசையில் வரிசையாக அடுக்கினார்.

"என்னடா பண்றே?"

"நம்ம விதிப்படி தூரம் அளக்கறது பலகையிலேர்ந்து. அடிபட்டா எடுக்கறதும் பலகையை. சிப்பாய் சும்மா அழகுக்குத்தானே? உன் படை முழுசா இருக்குடா. பகடையை உருட்டு!"

ஆடினார்கள்! வெறும் மரத்தை வைத்து ஆடினார்கள்! வில்ஃப்ரிட் சிரித்தார், திட்டினார், ஏமாற்றக்கூடப் பார்த்தார். கடைசியில் தோற்றார். தோற்றவர் நண்பனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"வெறும் பலகையை வச்சே ஆடியிருக்கலாமேடா! இத்தனை வருஷமும் ஆடியிருக்கலாமே!"

கத்பர்ட் செவ்வாய்க்கிழமை விமானம் ஏறிவிட்டார்.

அன்பர்களே! எதற்காகக் காத்திருக்கிறோம்? வண்ணம் காயட்டும் என்றா? புல் ஒட்டட்டும் என்றா? சிப்பாய் காத்திருப்பான், எதிரே உட்காரும் ஆள் காத்திருப்பாரா? ஆள் இருக்கும்போதே ஆடுங்கள்!

இன்று வில்ஃப்ரிட் வண்ணமே பூசாத படையோடு வந்திருக்கிறார். சன்னலோர மேசை அவருடையது. எதிர் நாற்காலியில் நீங்கள் யார் உட்கார்ந்தாலும் அவர் ஆடுவார். ஆனால் அவர் ஆட நினைத்தது உங்களோடு அல்ல. அதை மனத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நன்றி. வணக்கம்.