முதல் நன்மைக்கு ஒரு பிறின்ரர்

"ஹலோ... ஹலோ, அத்தானோ... ஓம் ஓம், கேக்குது, சொல்லுங்கோ... கடைக்குள்ளயோ நிக்கிறீங்கள்?... என்ன?... இல்ல, என்ர பக்கம் சத்தமொண்டும் இல்ல. உங்கட பக்கம்தான் ஹோர்ன் அடிக்குது."

கிறிஸ்ரினா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்ரூடியோவின் பின்கதவடிக்குப் போனாள். மன்னார்ப் பக்கத்துப் பேசாலையில் சிக்னலுக்குக் குறைவில்லை. அவளுடைய ஸ்ரூடியோவுக்குள் மட்டும் அது வராது. பின்கதவைத் திறந்து, கடலைப் பார்த்துக்கொண்டு, கடைக்கு முதுகைக் காட்டி நின்றால்தான் அடுத்த பக்கத்தில் பேசுவது ஒழுங்காகக் கேட்கும். வாடிக்கையாளர் வந்தால் மேசையில் தட்டுவார்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு யார் வரப்போகிறார்கள் என்று கதவை அப்படியே விட்டிருந்தாள்.

இந்த அழைப்புக்காகத்தான் விடிந்ததிலிருந்து காத்திருந்தாள். நாளைக்கு ஞாயிறு. கோயிலில் நாற்பத்தொரு பிள்ளைகளுக்கு முதல் நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். பூசை முடிந்த கையோடு ஒவ்வொரு பிள்ளையையும் வெள்ளை உடுப்போடும் மெழுகுதிரியோடும் படம் எடுத்து, அந்த இடத்திலேயே அச்சடித்துக் கையில் கொடுப்பதாக ஃபாதரிடம் ஒப்புக்கொண்டிருந்தாள். கமரா இருக்கிறது, மடிக்கணினி இருக்கிறது, அச்சடிக்கிற மெசின்தான் இல்லை. அதை வாங்கித் தருவது என் அன்பளிப்பு என்று, கொழும்பில் இருக்கும் மாக்கிறட் அக்காவின் புருசன் பத்திநாதன் ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். சொன்ன சொல் தவறாத மனிதர். ஆனால் அந்தச் சொல்லை நிறைவேற்றப் புறப்படத்தான் அவருக்கு ஒரு மாதம் பிடித்தது.

"ஓம் அத்தான், ரெண்டு வகை இருக்குது... ஓம், ஒண்டு மை ஊத்துறது, நாலு போத்தல்... தெரியும், தெரியும். மற்றது ரிபன் போடுறது... இல்ல, அதுக்குள்ள மையே இல்ல. ரிபனைச் சூடாக்கி நிறத்தைக் கடதாசியில ஏத்தும்... ஓம், கடதாசி வெளிய வந்து வந்து திரும்ப உள்ள போகும்தான். அது சிக்கினது இல்ல அத்தான், அதின்ர வேலையே அப்பிடித்தான். முதல் மஞ்சள், பிறகு சிவப்பு, பிறகு நீலம். கடைசியாக் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சுப் பூசி விடும்... ஓம். அந்தக் கடைசிப் பூச்சுத்தான் எனக்கு வேணும்."

அத்தான் அந்தப் பக்கத்தில் நீளமாக ஏதோ விளக்கினார். கந்தோரில் முப்பது வருடம் தலைமை எழுதுவினைஞராக இருந்தவர். மற்றவரின் அபிப்பிராயத்தைக் கேட்பதில் அவரைப்போலப் பண்பானவர் குடும்பத்திலேயே கிடையாது. கேட்ட அபிப்பிராயத்தை என்ன செய்கிறார் என்பது ஆண்டவருக்கும் மாக்கிறட் அக்காவுக்கும்தான் தெரியும்.

"போட்டோக்கொப்பியோ?... ஓம், மை மெசினில அதுவும் அடிக்கலாம்தான்... ஸ்கானும் வரும்தான்... ஓம், பெரிய கடதாசியும் போகும்தான்... ஆனா அத்தான், நாளைக்குக் கோயிலுக்கு ஆரும் போட்டோக்கொப்பி எடுக்க வரமாட்டினம்."

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அத்தானோடு கதைக்கும்போது 'ஆனா' என்ற சொல்லை அவள் பாவிப்பதில்லை. அப்பா இல்லாத வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து, இவளைப் படிப்பித்து, முதல் கமராவையும் வாங்கிக் கொடுத்த மனிதர். போனைக்கூட அவர் வைத்த பிறகுதான் இவள் வைப்பாள். "சரி பிள்ளை, வை" என்று அவரே சொன்னாலும், அந்தப் பக்கம் அடங்கிவிட்டதா என்று பார்த்துத்தான் இவளுடைய விரல் அசையும்.

"ஐயோ இல்ல, குறை சொல்லேல்ல... ஓம், நீங்கள் யோசிக்காமச் செய்யமாட்டீங்கள்... நான் சொல்லுறது என்னெண்டால், இஞ்சத்தக் காத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியும்தானே. மை காயிறதுக்கு முன்னம் மண் வந்து ஒட்டிப்போடும்... விசிறியோ? விசிறி போட்டா மண் இன்னும் கூடத்தான் வரும்... ஓம்... ஓம்... கவரோ?"

பின்கதவடியில் ஒரு நாய் வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனது. அவளுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை.

"கவருக்குள்ள போட்டுக் குடுத்தா சனம் வெளிய எடுத்துப்போடும் அத்தான்... ஏனெண்டால் மந்திரிக்கோணுமே. படம் கையில கிடைச்ச உடனே செபமாலை, செபப் புத்தகம், படம் எல்லாத்தையும் ஒண்டாப் பிடிச்சுக்கொண்டு வரிசையில நிப்பினம். ஃபாதர் தீர்த்தம் தெளிச்சுக்கொண்டு வருவார். கவரோட பிடிச்சா, மந்திரிச்சது பிளாஸ்ரிக்கையாம், பிள்ளையை இல்லையாம்... சிரியாதேங்கோ. மாக்கிறட் அக்காவும் உங்கட கலியாணப் படத்தைக் கண்ணாடி கழட்டித்தான் மந்திரிப்பிச்சவா... ஓம், கேட்டுப் பாருங்கோ... அக்கா பக்கத்தில நிக்கிறாவோ? ஒருக்காக் குடுங்கோ... ஆ. வீட்டிலயோ. சரி."

அக்கா இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் காரியம் முடிந்திருக்கும். அத்தானிடம் 'இல்லை' சொல்லும் உரிமை உலகத்திலேயே அக்கா ஒருத்திக்குத்தான் உண்டு. கிறிஸ்ரினாவிடம் இருந்ததெல்லாம் ஒரு போனும் நிறைய 'ஓம்'களும்தான்.

"என்ன?... ஏன் இவ்வளவு அடம்பிடிக்கிறனோ?... இல்ல, சும்மாதான்... அப்பிடி ஒண்டும் இல்ல..."

ஒண்டும் இல்லாமல் இல்லை. ஒரு வருடமாக யாருக்கும் சொல்லாத ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமலே ரிபன் மெசினை வாங்கிவிடலாம் என்று பார்த்தாள். அத்தான் விடுவதாக இல்லை. காரணம் இல்லாமல் ஒரு கடதாசியையும் மேலே அனுப்பாத கந்தோர் மனிதர் அவர்.

"அத்தான், ஒரு விசயம் சொல்லுறன். ஏசப்படாது... போன வருசம் மெசின் பழுதாப் போச்செண்டு சொன்னனான் எல்லோ... பழுதாகேல்ல. அதை நான்தான் தூக்கி அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டினனான்... அது மை மெசின் அத்தான். போன வருசம் முதல் நன்மைக்கு அதிலதான் படம் அடிச்சுக் குடுத்தனான். தீர்த்தம் பட்ட உடனே கரைஞ்சு போட்டுது... எல்லாற்ற படமும் இல்ல. மற்றப் பிள்ளையளுக்குப் பொட்டுப் பொட்டாத்தான். ஒரு பிள்ளைக்கு முகமே அழிஞ்சு போட்டுது."

சொல்லத் தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. இவ்வளவு நாளும் உள்ளே பூட்டிக் கிடந்தது, அத்தானின் குரலுக்கு வழிவிடுவதுபோல ஒதுங்கி ஒதுங்கி வெளியே வந்தது.

"கிருஷாந்தி எண்டு... உங்களுக்குத் தெரியாது. ரஜிதா அக்காவின்ர மூத்த பிள்ளை. இந்தியாவில அகதி முகாமில இருந்து திரும்பி வந்த ஆக்கள்... ஓம். தாய் சைவம், கலியாணத்தோட எங்கட வேதத்துக்கு மாறி வந்தவா. பிள்ளைக்கு முகாமிலதான் ஞானஸ்நானம் குடுத்தது... அதைத்தான் சொல்ல வாறன். சனம் என்ன கதைச்சது தெரியுமோ? அந்த ஞானஸ்நானம் சரியில்லையாம். அதுதான் தீர்த்தம் பிள்ளையின்ர முகத்தை மட்டும் அழிச்சதாம்... ஓம், கோயில் வாசலில வச்சே கதைச்சவை. எட்டு வயசுப் பிள்ளைக்கு முன்னால... முன்வரிசையில நிண்டது அத்தான், அவ்வளவுதான். ஃபாதர் முதல் தெளிச்ச தெளி முழுக்க அதின்ர படத்திலதான் விழுந்தது."

அத்தான் கேட்கப்போகும் கேள்வி அவளுக்கு முன்கூட்டியே தெரியும். இரவும் பகலும் அவள் தன்னைத்தானே கேட்டுப் பழகிய கேள்வி.

"... இல்ல. நான் ஒண்டும் சொல்லேல்ல... ஓம், மைதான் எண்டு எனக்கு அந்த நிமிசமே தெரியும்... ஸ்ரூடியோ திறந்து அப்ப ஆறு மாதம்கூட ஆகேல்ல. மட்டமான மை எண்டு வாயைத் திறந்தா ஆர் அத்தான் பிறகு என்னட்ட வருவினம்? ஃபாதர் கேட்டவர், என்ன பிள்ளை இது எண்டு. எனக்கும் விளங்கேல்ல ஃபாதர் எண்டு சொல்லிப்போட்டு நிண்டனான்... ஓம். பிழைதான். தெரியும்."

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அத்தான் ஏசுவதற்கு முன்பே மிச்சத்தையும் சொல்லத் தொடங்கினாள்.

"அந்தப் பிள்ளை இப்ப பூசைக்கு வந்தா கடைசி வாங்கு வரிசையிலதான் இருக்கும். தீர்த்தம் தெளிக்கேக்க எழும்பி வெளிய போயிடும்... ஓம், ஒவ்வொரு ஞாயிறும் பாக்கிறன். இந்த வருசம் இளையவள் நிறஞ்சலாவுக்கு முதல் நன்மை. தாய் என்னட்டத்தான் வந்து படத்துக்குப் பேர் குடுத்தவா. போன வருசத்தைப் பற்றி ஒரு சொல்லுக் கேக்கேல்ல... அதுதான் அத்தான், உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். அந்தக் கடையில ரிபன் மெசினில ஒரு படம் அடிக்கச் சொல்லுங்கோ. அடிச்ச உடனே தண்ணி ஊத்திப் பாருங்கோ. வெக்கப்படாதேங்கோ, உங்கட பைக்குள்ள தண்ணிப் போத்தல் இருக்கும்தானே... ஹலோ... அத்தான்?... நிக்கிறீங்களோ?"

ஹோர்ன் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ ஒருவன் சிலாபம், புத்தளம் என்று கத்தினான். கடைக்குள் நிற்கும் மனிதருக்குப் பின்னால் ஏன் ஊர்ப்பெயர்களைக் கத்துகிறார்கள் என்று அவளுக்கு அப்போதுதான் யோசனை போனது.

"என்ன?... பஸ்ஸோ?... எந்த பஸ்?... ஒம்பதரை மன்னார் பஸ்ஸிலயோ?... எதை ஏத்தினனீங்கள்?... அப்ப எப்ப வாங்கினது?... நேற்றோ."

பின்கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓ... பஸ் ஸ்ராண்டிலயோ நிக்கிறீங்கள்... என்ர விருப்பத்தையும் ஒரு சொல்லுக் கேக்கத்தான் எடுத்தனீங்களோ... ஓம்... எது அத்தான் வாங்கினது?... நாலு போத்தலோ... ஓம்... போட்டோக்கொப்பியும் வரும். ஓம். ஸ்கானும் வரும்... இல்ல இல்ல, கோபமில்ல. நல்லது அத்தான். நல்ல மெசின்தான்... இப்ப கொழும்பைத் தாண்டியிருக்குமோ... ஓம், கொண்டக்டர்ர நம்பரை அனுப்பிவிடுங்கோ. பின்னேரம் போய் எடுக்கிறன்."

நாளைக்குக் காலையில் பூசை. இன்னொன்று வாங்கி அனுப்பச் சொல்ல அவளுக்கு வாய் வராது; வேறு மெசினுக்கு வழியே இல்லை. ஒரு வருடம் யோசித்து யோசித்து அவள் தேடி வைத்திருந்த ஒரேயொரு வாசலை, அத்தான் அன்பாகச் சாத்தி, கயிறு கட்டி, பஸ்ஸில் ஏற்றி விட்டார்.

"என்ன?... படத்தில தீர்த்தம் படாமப் பாக்கச் சொல்லி சனத்துக்கு நானே சொல்லுறதோ... ஓம்... ஓம், லேசான வேலைதான்..."

லேசான வேலைதான். கோயிலில் எழுந்து நின்று, இது மை, தண்ணீர் பட்டால் கரையும் என்று ஒரு வசனம் சொன்னால் போதும். நாற்பத்தொரு குடும்பத்துக்கும் போன வருடம் கரைந்தது என்ன என்று அந்த இடத்திலேயே விளங்கிவிடும். சொல்லாமல் விட்டாலோ, நாளைக்கு நிறஞ்சலாவின் முகமும் போகும். ரிபன் மெசின் வந்திருந்தால் படம் கரையாது, பேச்சு வராது, காலப்போக்கில் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்று நம்பியிருந்தாள். கிருஷாந்தி மறக்கமாட்டாள் என்பதை மட்டும் அந்தக் கணக்கில் அவள் சேர்த்திருக்கவில்லை. அதை நினைத்தபோது தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது.

போன் சூடாகிவிட்டது. மற்றக் காதுக்கு மாற்றுவதற்காகத் திரும்பினாள்.

ரஜிதா மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாள். மேசையில் தட்டவில்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே வருவது அவளுடைய வழக்கம். ஸ்ரூடியோ என்றாலும் அவளுக்கு அது இன்னொருவர் வீடுதான். கையில் புதிதாக வாங்கிய கண்ணாடிச் சட்டம் ஒன்று. நாளைய படத்தின் அளவு சரிதானா என்று காட்டக் கொண்டுவந்திருக்க வேண்டும். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. முகத்திலேயே தெரிந்தது.

"... இல்ல அத்தான், நிக்கிறன்... ஓம், ஆள் வந்திருக்கு... ரஜிதா அக்கா... ஓம். அந்தப் பிள்ளையின்ர தாய்தான்... கேட்டிருக்கும்... இல்ல. வேற ஆரைப் பற்றியோ கதைச்சதெண்டு சொல்ல ஏலாது. பேர் சொல்லித்தான் கதைச்சனான்..."

அத்தான் விடவில்லை. என்ன சொல்லிச் சமாளிக்கலாம் என்று முதலாவது யோசனை, இரண்டாவது யோசனை என்று அடுக்கத் தொடங்கினார். ரஜிதா சட்டத்தை மேசையில் வைத்தாள். கண்ணாடி மேசையில் மெல்லத் தட்டியது.

"மையாலதானோ?" என்று கேட்டாள். ஏச்சு இல்லை, அழுகை இல்லை. ஒரு வருடமாகத் தன் பிள்ளையிலேயே பிழை தேடிக்கொண்டிருந்த ஒருத்தியின் கேள்வி அது. "முகாமில குடுத்த ஞானஸ்நானத்தில பிழை இல்லையோ?"

"ஓம்... ஓம் அத்தான், கேக்குது... ஓம்..." என்றாள் கிறிஸ்ரினா பழக்கத்தில். பிறகு நிறுத்தினாள்.

"அத்தான், நான் வைக்கிறன்."

அந்தப் பக்கம் அடங்கும்வரை அவள் காத்திருக்கவில்லை.