அதிரசத்தின் மேல் விழுந்த பழி

வில்லியனூரில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். மூத்தவள் ஆரம்பித்தாள்.

“நான் அனுப்ன அதிரசத்தால எம் புள்ளைய ரெண்டாந்தடவ சுத்துனாங்கடி.”

“இன்னாக்கா சொல்ற?”

“பெங்களூர்ல மிலிட்டரி பைலட்டுக்குப் படிக்கிறான் இல்ல? வேகம் தாங்குதான்னு மிஷின்ல வெச்சி ராட்டினமாட்டம் சுத்தி, ரத்தம் எடுத்துப் பாப்பாங்களாம். வெறும் வயித்துல ஏறாதன்னு நான்தான் எழுதிட்டேன். அதிரசம் தின்னுட்டு ஏறிட்டான். ரத்தத்துல சக்கர ஏறிக்கிச்சாம். டாக்டருக்குக் கோவம்.”

“அப்பறம்?”

“பட்டினி போட்டு மறுபடி சுத்துனாங்க. அப்பவும் ஏறுதாம்! வேகம் அழுத்தறப்ப ஒடம்பே தெம்புக்குச் சக்கரைய எறக்கி வுடுதாம். அப்பறம் தானா கொறஞ்சிடுதாம். பாஸ் பண்ணிட்டான்.”

“அப்ப நீ அதிரசமே அனுப்ப வேணாம். ஒடம்புலயே வெச்சிருக்கான்.”

“இருவது வருசமா சோறு போட்டு அங்க வெச்சது யாருடி?”