புதுவாயல் கூட்டுரோட்டில் தணிகைவேல் வாயில் ஆசிட் ஊற்றப்பட்டது பற்றி கிரேஸ் சொன்னது

இன்று 21.04.2025 திங்கட்கிழமை காலை 11.10 மணிக்கு இதை எழுதத் தொடங்கியபோது காவல் நிலையத்தின் உள் அறையில் இருந்தவர்கள்: சார்பு ஆய்வாளர் திரு. துளசிராமன், பெண் தலைமைக் காவலர் திருமதி ஈஸ்வரி, என்னோடு வந்த பக்கத்து வீட்டு ஹெலன், நான். ஆக நான்கு பேர். எங்கள் சபைப் பாஸ்டர் பாக்கியநாதன் ஐயா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், உள்ளே வரவில்லை. நான் இங்கே வந்தது என் கணவருக்குத் தெரியாது.

என் பெயர் கிரேஸ், வயது 34, கணவர் பெயர் ஸ்டீவன். புதுவாயலில் கூட்டுரோட்டுக்குப் பின்னால் ஐந்து வீடுகள் உள்ள லைன் வீட்டில் மூன்றாவது வீட்டில் பத்து வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். என் கணவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பெனியில் ஷிப்ட் வேலை செய்கிறார். எங்களுக்கு ஏஞ்சல் என்று ஒன்பது வயதில் ஒரே பெண். நான் ஐந்தாவது வரைதான் பள்ளிக்கூடம் போனேன், அதன் பிறகு வேதப்புத்தகத்தை வைத்து நானே எழுதப் படிக்கப் பழகிக்கொண்டேன். ஈஸ்வரி அம்மா எழுதுவதாகச் சொன்னார்கள், எனக்கே எழுத வரும் என்பதால் என் கையாலேயே எழுதித் தருகிறேன்.

எங்கள் வீட்டில் காசுக் கணக்கு என் கணவருடையது, பொருள் கணக்கு என்னுடையது. எந்தப் பொருளை என்றைக்குத் திறந்தேன், எதற்கு எவ்வளவு எடுத்தேன், என்றைக்குத் தீர்ந்தது என்று நோட்டில் எழுதுவேன். பக்கங்களுக்கு எண் போட்டிருக்கிறேன். அந்த நோட்டை இத்துடன் ஒப்படைக்கிறேன். அதில் 41, 42 பக்கங்கள் இல்லை, ஏன் இல்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எளாவூரைச் சேர்ந்த தணிகைவேல் என்பவர் மொபெட்டில் கேன்களைக் கட்டிக்கொண்டு வந்து பினாயில், ஆசிட், சோப்புத் தண்ணீர் எல்லாம் நாம் கொடுக்கும் பாட்டிலில் புனல் வைத்து ஊற்றித் தருவார். எங்கள் லைனுக்கு ஆறு வருடமாக அவர்தான் வருகிறார். 05.04.2025 சனிக்கிழமை அவரிடம் ஒரு பாட்டில் ஆசிட் வாங்கினேன். அப்போது என் வீட்டு வாசலில் பஞ்சாயத்தில் கொடுத்த பிளீச்சிங் பவுடர் மூட்டையை அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, "யம்மா, இதயும் அதயும் ஒண்ணா சேக்காத. கெட்ட காத்து கெளம்பும், ஆளையே காலி பண்ணிடும். ஊடு ஊடா சொல்லிக்கினுதான் போறேன்" என்றார். ஹெலனும் அப்போது பாட்டிலோடு என் பக்கத்தில் நின்றாள். அவர் போன பிறகு, "அவரு பவுடரும் விக்கிறாரு இல்ல, பஞ்சாயத்து ஓசில குடுத்தா வயித்தெரிச்சல் இருக்காதா?" என்று ஹெலனிடம் நான்தான் சொன்னேன், இருவரும் சிரித்தோம். ஆனாலும் அவர் சொன்னதை அன்றைய தேதி போட்டு 41ஆம் பக்கத்தில் எழுதி வைத்தேன். காதில் விழுவதையும் எழுதுவது என் வழக்கம்.

எங்கள் ஐந்து வீட்டுக்கும் பின்னால் ஒரு கக்கூஸும் அதை ஒட்டி ஒரு குளிக்கிற ரூமும் பொதுவில் இருக்கின்றன. வாரம் ஒரு வீடு என்று முறை வைத்துக் கழுவுவோம். 12.04.2025 சனிக்கிழமை என் முறை. மறுநாள் குருத்தோலை ஞாயிறு, ஆராதனை முடிந்து எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம், பாஸ்டர் குடும்பமும் சபையாரும் வருவார்கள். என் முறை என்றால் கண் எரியும் என்று லைனில் எல்லோரும் சொல்வார்கள், அதில் எனக்குப் பெருமைதான். நெடி இருந்தால்தான் சுத்தம் என்று நினைத்திருந்தேன். அன்று காலை 10 மணிக்கு நான் துடைப்பத்தோடு போனபோது ஹெலன், "இன்னா கிரேஸு, நாளைக்குக் கூட்டம் ஊட்டுலயா, கக்கூஸ்லயா?" என்று கேட்டாள். "வர்றவங்க மூஞ்சி சுளிக்கக் கூடாது, அவ்ளோதான்" என்றேன்.

முதலில் ஆசிட் பாட்டிலில் பாதியை ஊற்றித் தேய்த்தேன். மஞ்சள் கறை போகவில்லை. அதன் பிறகு தண்ணீர் விடாமலே அதன் மேல் பிளீச்சிங் பவுடரைக் கொட்டாங்கச்சியால் நான்கு தடவை அள்ளிப் போட்டேன். தணிகைவேல் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. வியாபாரி பேச்சு என்று தள்ளிவிட்டேன். தரையிலிருந்து மஞ்சளும் பச்சையுமாகப் புகை கிளம்பியது, மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து, நெடி வீணாகாமல் உள்ளேயே நின்று கிருமியைக் கொல்லட்டும் என்று கதவை இழுத்துச் சாத்திக் கொக்கி போட்டேன். அதன் பிறகு அடுப்பில் வைத்த குழம்பைப் பார்க்கப் போனேன்.

பக்கத்து ரூமில் ஏஞ்சல் குளித்துக்கொண்டிருந்தாள். இரண்டு ரூமுக்கும் நடுச்சுவரில் தரையோடு தண்ணீர் போக ஓட்டை ஒன்று உண்டு. அது எனக்குத் தெரியும், அன்று அதை நினைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இருமல் சத்தம் கேட்டது, அதன் பிறகு சொம்பு விழுந்த சத்தம் கேட்டது, அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஹெலன் ஓடிவந்து தகரக் கதவை உதைத்தாள், மூன்றாவது உதையில் தாழ்ப்பாள் பிய்ந்தது. ஏஞ்சல் தலையில் சோப்பு நுரையோடு அந்த ஓட்டைப் பக்கம் முகம் வைத்துக் கிடந்தாள். உதடு நீலமாக இருந்தது, வாயிலும் நுரை இருந்தது. ஹெலன் அவளைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். நான் கக்கூஸில் ஏழு பக்கெட் தண்ணீர் ஊற்றினேன். அந்தத் தண்ணீர் பின்னால் இருக்கும் ஓடையில் இறங்கியது. ஆட்டோ வருவதற்குள் ஓடையில் தவளைகள் மல்லாந்து மிதந்தன.

அரசு மருத்துவமனையில் ஏஞ்சலுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். பகல் 2.30 மணிக்கு என் கணவர் ஷிப்ட் முடிந்து அவருடன் வேலை செய்யும் குணா என்பவரோடு அங்கே வந்தார். டாக்டர் என்னைப் பார்த்து, எதைப் போட்டுக் கழுவினீர்கள் என்று கேட்டார். நான், வண்டிக்காரரிடம் வாங்கின ஆசிட் என்றேன். வெறும் ஆசிட்டில் இந்த அளவுக்கு ஆகாது, வேறு எதையாவது கலந்தீர்களா என்று கேட்டார். என் கணவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொன்னேன். நான் சொன்ன முதல் பொய் அது.

அதன் பிறகு என் கணவர் என் கையைப் பிடித்து இழுத்து, "வா, அவன் எவன்னு காட்டு" என்றார். ஹெலனை ஏஞ்சல் பக்கத்தில் விட்டுவிட்டு குணாவின் பைக்கில் மூன்று பேராகப் போனோம். மாலை 4.15 மணி இருக்கும், தணிகைவேல் கூட்டுரோட்டில் டீக்கடைக்கு எதிரே வண்டியை நிறுத்தி ஒரு பெண்ணுக்குப் பினாயில் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் கையை நீட்டிக் காட்டினேன்.

என் கணவர் மொபெட்டை உதைத்துத் தள்ளினார், கேன்கள் ரோட்டில் உருண்டன. தணிகைவேல், "இன்னா நைனா, இன்னா ஆச்சு? சொல்லிட்டு அடி" என்றார். என் கணவர் அவரைக் கன்னத்தில் அடித்தார், அவர் விழுந்ததும் வண்டியிலிருந்த இரும்புக் கொக்கியைப் பிடுங்கி முழங்காலிலும் கையிலும் அடித்தார். கை எலும்பு முறிந்த சத்தம் நான் நின்ற இடம் வரை கேட்டது. குணா போனை எடுத்து, எங்கள் லைனில் யாரோ படம் பிடித்து அனுப்பியிருந்த ஓடைத் தவளைகளை எல்லோருக்கும் காட்டி, "தவளையே செத்துப்போச்சு, கொழந்த இன்னா ஆவும்? பாரு, பாரு" என்று கத்தினார். லாரி டிரைவர்களும் டீக்கடையில் இருந்தவர்களும் கூடிவிட்டார்கள். கூட்டத்தில் ஒருவர், "அவன் சரக்க அவனுக்கே குடு, டேஸ்ட்டு தெரியட்டும்" என்றார், சிலர் சிரித்தார்கள். அவர் யார் என்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகு குணா அவரை மல்லாத்தி இரண்டு கையையும் தலைக்கு மேல் முறுக்கிப் பிடித்து மார்பில் முழங்காலை வைத்து அழுத்தினார். முறிந்த கையும் அதில் இருந்தது. என் கணவர், தணிகைவேல் எங்கள் பாட்டில்களில் வைத்து ஊற்றும் அதே நீலப் புனலை எடுத்து அவர் வாயில் திணித்தார். புனல் பல்லில் இடித்தது, ரத்தம் வந்தது. தணிகைவேல் தலையைத் திருப்பிப் புனலைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்து, "யம்மா, சேக்காதன்னு நான் சொன்னேனா இல்லியா? நீ சொல்லும்மா, நீ சொன்னா வுட்ருவாங்க" என்றார்.

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கூட்டமும் என்னைப் பார்த்தது. தணிகைவேல் சொன்னது என் நோட்டில் 41ஆம் பக்கத்தில் தேதியோடு இருக்கிறது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். ஒன்றும் சொல்லவில்லை.

"நடிக்கிறியா? எம் பொண்ணு மூச்சு வுட முடியாம கெடக்குறாடா" என்று சொல்லி என் கணவர் மறுபடி புனலைத் திணித்து ஆசிட் கேனைச் சாய்த்தார். பாதி உள்ளே போனது, பாதி கழுத்திலும் மார்பிலும் வழிந்தது, சட்டை பொத்தலானது. தணிகைவேலின் கால் இரண்டும் தார் ரோட்டில் உதைத்துக்கொண்டே இருந்தன. சத்தம் வரவில்லை, வாயிலிருந்து புகை மாதிரி வந்தது. டீக்கடைக்காரர் ஓடிவந்து, "டேய், செத்துடப் போறான்டா" என்று தண்ணீர்க் குடத்தை அவர் மேல் கவிழ்த்தார். அதன் பிறகுதான் கூட்டம் கலைந்தது. என் கணவரும் குணாவும் பைக்கில் போய்விட்டார்கள். நான் ஷேர் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போய் ஏஞ்சல் பக்கத்தில் உட்கார்ந்தேன். போலீஸ் வந்தபோது தணிகைவேல் விஷ ஆசிட் விற்றார் என்று கூட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள். அவர் மேல் வழக்குப் பதிவானதும், அடித்தவர்கள் அடையாளம் தெரியாத நபர்கள் என்று எழுதப்பட்டதும் மறுநாள் எனக்குத் தெரிந்தது.

14.04.2025 திங்கட்கிழமை மாலை என் கணவர் நோட்டைப் பார்த்துவிட்டார். 41ஆம் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். அதன் பிறகு தாளைக் கிழித்து அடுப்பில் வைத்தார். அந்தத் தாளின் பின்பக்கம்தான் 42. "நீ இன்னா பெரிய வக்கீலா? எழுதி எழுதி என்ன உள்ள தள்ளப் போறியா?" என்று கேட்டு, அரிசி அளக்கும் இரும்புப் படியால் என்னை வாயில் அடித்தார். இடது பக்கம் கீழ்ப்பல் ஒன்று விழுந்தது. அதற்காகப் புகார் கொடுக்க நான் வரவில்லை, நடந்ததால் எழுதுகிறேன். அன்று அவர் சாப்பிடவில்லை, வாசலில் உட்கார்ந்து, "நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வுட்டுருப்பேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதுவும் நடந்தது.

17ஆம் தேதி ஏஞ்சல் வீட்டுக்கு வந்தாள். கொஞ்சம் ஓடினால் இன்னும் இளைக்கிறது. சோப்பு வாசனை வந்தாலே அழுகிறாள். 19ஆம் தேதி நான் யாரிடமும் சொல்லாமல் தணிகைவேல் இருக்கும் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் கட்டில் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் காவலுக்கு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். தணிகைவேலின் மனைவி கெங்கம்மாள் வார்டு வாசலில் இருந்தார். என்னை யாரென்று தெரியாமல் தரையில் பேப்பர் விரித்து, "ஒக்காரும்மா, கண்ணுலாம் வீங்கியிருக்குதே, உங்க ஆளும் உள்ள இருக்காரா?" என்று கேட்டார். எங்கள் லைனுக்கு அவர் வருவார் என்று மட்டும் சொன்னேன். "அப்ப நீயே சொல்லும்மா, எங்க ஊட்டுக்காரரு விஷமா வித்தாரு?" என்றார்.

தணிகைவேலுக்குத் தொண்டையும் வயிற்றுக்குப் போகும் குழாயும் வெந்துவிட்டன, எச்சில்கூட முழுங்க முடியாது, 24ஆம் தேதி வியாழக்கிழமை வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைக்கப்போகிறார்கள் என்று கெங்கம்மாள் சொன்னார். பேச்சு இல்லை. இடது கையால் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார். அந்தச் சிலேட்டைக் கெங்கம்மாள் என்னிடம் காட்டினார். அதில், கேஸ் இன்னா ஆச்சு, என்று எழுதியிருந்தது. தினமும் அதையேதான் எழுதுகிறாராம்.

நேற்று ஈஸ்டர். திருவிருந்தில் அப்பம் என்னிடம் வந்தபோது என்னால் கையை நீட்ட முடியவில்லை. ஆராதனை முடிந்து பாஸ்டர் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எங்கிட்ட சொன்னா உனக்கு பாரம் கொறையும் கிரேஸ், அந்தாளுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. கேக்க வேண்டியவங்க கிட்ட சொல்லு" என்றார். ஹெலனிடம் கேட்டேன், 05ஆம் தேதி தணிகைவேல் சொன்னதைத் தானும் கேட்டதாகச் சொல்ல வருகிறேன் என்றாள், வந்திருக்கிறாள்.

ஆசிட்டில் குறை இல்லை. அதே பாட்டிலில் மீதிப் பாதி இருக்கிறது, மூடியோடு கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறேன். கலந்தது நான். கதவைச் சாத்தியது நான். ஆளைக் காட்டியது நான். ஊற்றியது என் கணவர் ஸ்டீவன், பிடித்துக்கொண்டது குணா. இதனால் என் கணவர் சிறைக்குப் போவார், உன் மேலும் வழக்கு வரலாம் என்று சார்பு ஆய்வாளர் இரண்டு தடவை சொன்னார். தெரிந்துதான் எழுதுகிறேன்.

நான் எழுதியதை ஈஸ்வரி அம்மா உரக்க வாசித்தார்கள். நடந்ததற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை, எனக்குத் தெரிந்ததில் ஒன்றும் விடவில்லை. யாரும் என்னை மிரட்டி எழுதச் சொல்லவில்லை.

தணிகைவேல் மேல் உள்ள வழக்கு எடுக்கப்படுமா, அவர் கட்டில் பக்கத்திலிருந்து அந்தப் போலீஸ் ஸ்டூல் எப்போது போகும் என்று எனக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வியாழக்கிழமை காலையில் அவரை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோவதற்கு முன்பு அதை நான் அவர் சிலேட்டிலேயே எழுதிக் காட்ட வேண்டும். சீக்கிரம் பதில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) ஸ்டீ. கிரேஸ்
21.04.2025, பகல் 1.40 மணி